எந்த ஊதா

“பெட்டி மேல என்ன எழுத்து இருக்கு?” என்று போர்வைக்கு அந்தப் பக்கமிருந்து சண்முகக்கனி கேட்டதும் தணிகாசலத்துக்கு வெடிகுண்டு மறந்தே போய்விட்டது. பேசிவிட்டாள். பொங்கலுக்கு முந்தின வாரத்திலிருந்து வாயைத் திறக்காதவள் பேசிவிட்டாள். என்னங்க இல்லை, ஏங்க இல்லை, டிக்கெட் கவுன்ட்டருக்குள் உட்கார்ந்திருப்பவனிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள், ஆனாலும் அது அவரைப் பார்த்து வந்த கேள்வி, நடுவில் பூனாவில் இருக்கிற மகன் இல்லாமல் நேராக வந்த கேள்வி. இத்தனை நாளும் அந்தப் பிள்ளை பட்ட பாடு கொஞ்சமா. அடுப்படியில் நின்றுகொண்டு அவள் பூனாவுக்குப் போன் போட்டு ரசம் இன்னும் வேணுமான்னு உங்க அப்பாகிட்ட கேளு என்பாள், அவன் ஆபீஸில் எந்த மூலையில் ஒதுங்கி நின்றானோ, இவருக்குப் போன் போட்டு அப்பா ரசம் என்பான், அடுப்படிக்குப் பத்தடி தள்ளிச் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும் இவர் போதும்னு சொல்லுடா என்பார், அந்தப் போதும் பூனாவுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே இங்கே ரசப் பாத்திரத்தை மூடுகிற சத்தம் கேட்கும். காது கேட்கிறது, வாய்தான் இல்லை. இப்போது வாய் வந்துவிட்டது என்று அவர் உள்ளுக்குள் குளிர்ந்துபோய் நாற்காலியில் சாய்ந்தார். “என்ன எழுத்துன்னு கேக்கேன்,” என்று மறுபடியும் குரல் வந்தது. கம்ப்யூட்டரில் ஒரு பெட்டி, அதன் நெற்றியில் ஒரு எழுத்து, வயிற்றில் ஐந்து எண்கள், பக்கத்தில் குறைந்துகொண்டே போகும் நேரம். “ழ,” என்றார். “எந்த ழ? வாழைப்பழத்துக்கு வர்றதா, பள்ளிக்கூடத்துக்கு வர்றதா?” என்றாள். “வாழைப்பழம்,” என்றார். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

காணும் பொங்கல் என்றால் மற்ற காலனிகளில் உறியடி வைப்பார்கள், கோலப் போட்டி வைப்பார்கள், ஜனங்களும் சுண்டலைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இந்தக் காலனிக்குச் செயலாளராக வாய்த்த பூங்காவனத்துக்கு அதெல்லாம் போதவில்லை. பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும் தமிழைக் காப்பாற்றுவது என்று இறங்கிய மனிதர். மருமகள் வீட்டில் இந்தக் குண்டு விளையாட்டைப் பார்த்துவிட்டு வந்து, கணவன் மனைவி ஜோடியாகச் சேர்ந்து ஆடவேண்டியது, இதைவிடப் பொங்கலுக்குப் பொருத்தமானது எது என்று கூட்டத்தில் கேட்டார், பதில் சொல்ல ஆளில்லாததால் தீர்மானம் நிறைவேறியது. ஒருத்தர் கண்ணுக்குக் குண்டு தெரியும், அதை எப்படிச் செயலிழக்க வைப்பது என்று தெரியாது. இன்னொருத்தர் கையில் வழிமுறைக் காகிதங்கள் இருக்கும், குண்டு தெரியாது. நடுவில் சங்க ஹாலில் கட்டிய கயிற்றில் ஒரு சோலாப்பூர் போர்வை. பேசிப் பேசித்தான் தீர்க்கவேண்டும், மூன்று நிமிஷம், ஒரே ஒரு எண்ணைத் தப்பாக அழுத்தினாலும் டமார். அதற்கு மேல் பூங்காவனம் தன் பங்குக்கு ஒன்று சேர்த்திருந்தார், இங்கிலீஷில் ஒரு வார்த்தை வந்தால் பத்து நொடி போய்விடும். அதை அறிவிக்க எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாக உட்கார்ந்திருந்தார். இந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்தது சண்முகக்கனிதான், சண்டைக்கு முன்னால், முதல் பரிசு கிரைண்டர் என்று கேள்விப்பட்டு. சண்டைக்குப் பிறகு பெயரை எடுத்தால் காலனி முழுக்கத் தெரிந்துபோகும், அதனால் அவளும் எடுக்கவில்லை, இவரும் எடுக்கவில்லை. ஆளுக்கொரு வாசல் வழியாக ஹாலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

“பக்கம் கெடச்சிட்டு. வட்டம் வட்டமா வரிசையா போட்டிருக்கு. அந்த நிறத்துல இருக்கிற எண்ண அதே வரிசையில அழுத்தணுமாம்,” என்றாள். “ஓகே,” என்றார் தணிகாசலம். தட்டு ஒலித்தது. பத்து நொடி போச்சு. முன்வரிசையில் யாரோ கிளுகிளுத்தார்கள். போர்வைக்குப் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது, அந்தப் பெருமூச்சு அவருக்கு அத்துப்படி, இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அதற்கு அர்த்தம், ஆனால் இத்தனை நாள் அதுகூட வரவில்லையே என்று நினைக்கும்போது அந்தப் பெருமூச்சின்மேலும் அவருக்குப் பிரியம் வந்தது. “சிவப்பு,” என்றாள். சிவப்பில் நாலு இருந்தது. அழுத்தினார். நாலு அணைந்தது, குண்டு வெடிக்கவில்லை. “பச்சை.” பச்சையில் ஒன்று. அழுத்தினார். அடடா, என்ன சுகமான நிறங்கள். முப்பத்து சொச்சம் வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவரிடம் சிவப்பும் பச்சையும் கேட்டால் என்ன ஆகும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சில வருஷத்துக்கு ஒரு தரம் கண் சோதனைக்கு அனுப்புவார்கள், புள்ளிப் புள்ளியாக அச்சடித்த ஒரு புத்தகத்தைப் புரட்டி உள்ளே என்ன எண் தெரிகிறது என்று டாக்டர் கேட்பார், இவர் எழுபத்து நாலு என்பார், பன்னிரண்டு என்பார், தணிகாசலம் உமக்குக் கழுகுக் கண்ணய்யா என்பார் டாக்டர். அந்தச் சொல்லை வீட்டில் எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. கழுகுக் கண்ணு, கழுகுக் கண்ணு, அதுதான் கடைசியில் வினையாகப் போயிற்று. “மஞ்சள்,” என்றாள். மஞ்சளில் ஏழு. அழுத்தினார். பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியில் இரண்டு எண்கள் மிச்சம் இருந்தன, பக்கத்துப் பக்கத்தில், ஒன்பதும் ஆறும், தலைகீழாகத் திருப்பினால் ரெண்டும் ஒன்றுதான். ஒன்பது நீலத்தில் இருந்தது. ஆறு ஊதாவில் இருந்தது. தணிகாசலம் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

ஏனென்றால் சுவர். இந்த இரண்டு நிறங்களைப் பார்த்தால் சுவர் ஞாபகம் வராமல் வேறென்ன ஞாபகம் வரும். பொங்கலுக்கு வீட்டு முகப்புக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்த அன்று சண்முகக்கனி கோவில்பட்டியில் அக்காள் பேரனுக்குக் காது குத்துகிற இடத்தில் இருந்தாள். போன் போட்டு என்ன கலர் என்று கேட்டார், நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவில் அவள் ஊதா அடிங்க என்று கத்தினாள், லேசா ஊதா, நல்லா குளிர்ச்சியா இருக்கும் என்றாள். பெயிண்டர் கலர் அட்டையை விரித்தான். இவர் கழுகுக் கண்ணால் பார்த்து விரலை வைத்தார், பெயிண்டர்கூட ஒரு தரம் இதுவா சார் என்று கேட்டான், பாவி அவனுக்குத் தோன்றியது இவருக்குத் தோன்றவில்லை. அரக்கோணத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு ஊதா என்றால் கத்திரிப்பூ நிறம், வேறென்ன. கோவில்பட்டியில் ஊதா என்றால் நீலம், பேனா மை ஊதா, வானம் ஊதா, போலீஸ் வண்டியில் சுழல்கிற விளக்கு ஊதா, இது இவருக்குத் தெரியாததா, அந்த ஊர் ஸ்டேஷனில் வேலை பார்த்து அந்த ஊரிலேயே பெண் எடுத்தவர், எத்தனையோ தரம் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார், அன்றைக்கு மட்டும் எங்கே போயிற்று புத்தி. எந்த ஊதா என்று இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். இப்போது அவள் கேட்டாளே, எந்த ழ என்று, வாய் கோணிவிட்டதா அவளுக்கு. இவர் கேட்கவில்லை. ஊரிலிருந்து வந்து ஆட்டோவில் இறங்கியவள் வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஆட்டோவில் ஏறி, தம்பி இது வேற தெரு என்றாள். அவன் இல்லம்மா இதான் என்று சத்தியம் செய்யவேண்டியிருந்தது. மூன்றாம் நாளிலிருந்து கூரியர்காரன், பால்காரன், காஸ் கொண்டுவருகிறவன் எல்லாருக்கும் அது கத்திரிக்காய் வீடு. அதுகூடப் பரவாயில்லை, சிரித்துக் கழித்திருக்கலாம், சிரிக்கத்தான் அவள் தயாராக இருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது, உதட்டோரம் லேசாக ஆடியது, இவர்தான் முந்திக்கொண்டு ஊதான்னா இதான் ஊதா, நான் முப்பது வருஷம் கலர் பார்த்துச் சம்பளம் வாங்கினவன் என்றார், எங்க ஊர்ல அப்படிச் சொல்ல மாட்டாங்க என்றாள் அவள், அதோடு விட்டிருக்கலாம், விட்டாரா, உங்க ஊர்க்காரங்களுக்குக் கலரே தெரியாது என்றார். சொன்னதும் தெரிந்துவிட்டது. அவள் முகத்திலிருந்து ஏதோ இறங்கிப் போனது. ஒரு ஊரையே குருடு என்று சொல்லிவிட்டார், அவளுக்கு நிறங்களைக் கைகாட்டிக் கைகாட்டிச் சொல்லிக்கொடுத்த அவள் அம்மாவையும் சேர்த்து. அதற்குப் பிறகுதான் ரசம் பூனா வழியாக வர ஆரம்பித்தது.

நேரம் குறைந்துகொண்டிருந்தது. “என்ன ஆச்சு?” என்று கேட்டார். “இருங்க, பாக்கேன்,” என்றாள். இருங்க என்றாள், இரு என்று ஆரம்பித்து ங்க போட்டாள், கவனித்தாயா தணிகாசலம் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் ஒரு ங்கவுக்கு மயங்கிவிட முடியுமா. வீட்டுக் கூடத்தில் பை கட்டி வைத்திருக்கிறாள். இன்றைக்குச் சாயங்கால வண்டியில் கோவில்பட்டிக்கு, அக்காள் வீட்டுக்கு. போகட்டும், வருஷத்துக்கு நாலு தரம் போகிறவள்தான். ஆனால் ரயில்வேயில் ரிட்டையர் ஆனவருக்கு வருகிற இலவசப் பாஸ் பீரோவில் அப்படியே இருக்கிறது, அதை எடுக்காமல் சொந்தக் காசைப் போட்டு டிக்கெட் வாங்கியிருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் காசு கொடுத்து ரயில் ஏறினதில்லை. பாஸ்காரன் பெண்டாட்டி என்று கோவில்பட்டியில் அவளுக்குப் பேரே உண்டு, அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. டிக்கெட்டைப் பார்த்த அன்று வக்கீல் நோட்டீஸைப் படிப்பதுபோல் அதை நாலு தரம் படித்தார். அதுவும் போவதற்கு மட்டும்தான் டிக்கெட். திரும்பி வருவதற்கு இல்லை. எத்தனை வண்டியை அனுப்பிவைத்தவர், போன வண்டி திரும்பி வரும் என்பதில் அவருக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை, இந்த வண்டி விஷயத்தில் மட்டும் வந்தது. பயமாகத்தான் இருந்தது. சொல்லிக்கொள்ள வெட்கப்படும் வயதெல்லாம் தாண்டியாகிவிட்டது. அவள் இல்லாமல் அந்தக் கத்திரிக்காய்க்குள் தான் மட்டும் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார், நினைக்க முடியாமல் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“க,” என்று ஆரம்பித்தாள் சண்முகக்கனி. நிறுத்தினாள். தொண்டையைச் செருமினாள். பிறகு தெளிவாக, ஹால் முழுக்கக் கேட்கும்படி, “ஊதா,” என்றாள். தணிகாசலத்தின் விரல் தன் பாட்டுக்கு ஆறை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. எந்த ஊதா. அய்யோ, எந்த ஊதா. சிக்னலில் ஊதா கிடையாது, நீலமும் கிடையாது, அதனால்தான் அரக்கோணத்து டிரைவரும் கோவில்பட்டி கார்டும் ஒரே வண்டியில் ஏறி ஊர் போய்ச் சேர்கிறார்கள், வெள்ளைக்காரன் விவரம் தெரிந்தவன். ப்ளூவா என்று ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது, ஆனால் பூங்காவனம் கரண்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு அதற்காகத்தான் காத்திருக்கிறார், இருக்கிற நேரமே பத்து நொடி சொச்சம், தட்டு ஒலித்தால் கதை முடிந்தது. தமிழில் கேட்கலாம். உன் ஊதாவா, என் ஊதாவா என்று கேட்கலாம். காலனியே உட்கார்ந்திருக்கிறது, கத்திரிக்காய் வீட்டுக்காரர்கள் என்று முன்வரிசையில் ஏற்கெனவே சிரிப்பு, அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்தால் அவளுக்கு என்ன தோன்றும், இந்த ஆள் இன்னும் என் ஊதாவை ஊதா என்று ஒத்துக்கொள்ளவில்லை, சபையில் வைத்து மறுபடியும் இழுக்கிறான் என்றுதானே தோன்றும். கேட்கக் கூடாது. கேட்காமலே அவளைப் புரிந்துகொள்ளவேண்டும். நியாயமாகப் பார்த்தால் நிறத்துக்கு என்ன பேர் ஒட்டியா வருகிறது. சொட்டு நீலம் என்று கடையில் வாங்குகிறோமே, பாட்டிலில் பார்த்தால் அது கத்திரிப்பூ நிறத்தில்தானே இருக்கிறது, அதை இத்தனை வருஷமாக நீலம் நீலம் என்று கூப்பிட்டுத்தானே வேட்டியை வெளுத்தார், அப்போது எங்கே போனது கழுகுக் கண். சொட்டு நீலக் கம்பெனிக்காரனுக்கு விட்டுக்கொடுத்ததைக் கட்டின பெண்டாட்டிக்கு விட்டுக்கொடுத்தால் என்ன. இத்தனை சண்டை போட்டவள் ஒருநாளும் தன் ஊதாவை மாற்றிக்கொள்ள மாட்டாள், ஒற்றைக்காலில் நிற்பாள், கோவில்பட்டிக்காரி. அவள் ஊதா என்றால் நீலம். இனிமேல் தனக்கும் ஊதா என்றால் நீலம்தான். இதை அவளிடம் வாயால் சொன்னால் கிரீடம் இறங்கிவிடும் என்று இத்தனை நாள் இருந்தாரே, விரலால் சொல்லலாம், ஒன்பது அணையும், குண்டு அணையும், அவளுக்குப் புரிந்துவிடும். நெஞ்சு லேசானது. சண்டை போட்டு முடித்தபின் வருகிற அந்தப் பெருந்தன்மையோடு, போர்வையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, தணிகாசலம் நீல ஒன்பதை அழுத்தினார்.

டமார் என்றது கம்ப்யூட்டர். கூடவே பூங்காவனமும் ஆர்வத்தில் தட்டை ஒரு அடி அடித்துவிட்டார். ஹாலில் ஓவென்று சிரிப்பு. கம்ப்யூட்டர் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் தீ எரிந்தது. தணிகாசலத்துக்கு ஒன்றும் ஓடவில்லை. போர்வை விலகியது. கையில் காகிதத்தோடு சண்முகக்கனி வந்து நின்றாள், அவரைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், திரும்ப அவரைப் பார்த்தாள்.

“என்னத்த அழுத்துனீங்க?”

“ஒன்பது. நீலம்.”

“நான் ஊதான்னுல்லா சொன்னேன்.”

“ஊதாதான். உன் ஊதா.”

சண்முகக்கனி காகிதத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். வரிசையில் நாலாவதாக இருந்த வட்டம் கத்திரிப்பூ நிறத்தில், அவர்கள் வீட்டுச் சுவரைப் போலவே பளபளத்துக்கொண்டிருந்தது. “நான் உங்க ஊதாவச் சொன்னேன்,” என்றாள். “கத்திரிப்பூன்னுதான் வாயில வந்துச்சு. சரி, இந்த மனுசன் ஊதாங்கிறதே ஊதாவா இருந்துட்டுப் போகட்டும்னு மாத்திச் சொன்னேன்.”

அப்போதுதான் அந்தக் க அவருக்குப் புரிந்தது. செருமல் என்று நினைத்தாரே, அது செருமல் இல்லை, கத்திரிப்பூவின் க, வாய் வரைக்கும் வந்ததை அவள் அவருக்காக விழுங்கியிருக்கிறாள். அத்தனை வருஷம் வாயில் இருந்த சொல்லை, அம்மா சொல்லிக்கொடுத்த சொல்லை. தணிகாசலத்துக்கு முதலில் அழுகைதான் வந்தது, அது எப்படியோ வழி தவறிச் சிரிப்பாகப் போய்விட்டது. சண்முகக்கனி கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், ஓரம் ஆடியது, பிறகு அவளாலும் முடியவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தோற்ற ஜோடி இப்படிச் சிரித்துப் பார்த்திராத பூங்காவனம், நகருங்கள், அடுத்த இணையர் காத்திருக்கிறார்கள் என்று கரண்டியை ஆட்டினார். வெளியே வந்தார்கள், இந்தத் தரம் ஒரே வாசல் வழியாக.

“எங்க ஊர்க்காரங்களுக்குக் கலர் தெரியாதுன்னீங்கள்லா,” என்றாள் செருப்பை மாட்டிக்கொண்டே. சிரிப்பு போய்விட்டிருந்தது.

“தப்புதான் கனி. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

அவள் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு நடந்தாள். தெரு திரும்பியதும் தூரத்தில் வீடு தெரிந்தது. தெரியாமலா இருக்கும், ரயிலில் போகிறவனுக்கே தெரியும். அவர் பையைப் பற்றி நினைத்தார், சாயங்கால வண்டியைப் பற்றி நினைத்தார், கேட்கவா வேண்டாமா என்று வாய் வரைக்கும் வந்து வந்து திரும்பியது.

“போறதுக்குத்தான் டிக்கெட் போட்டிருக்கேன்,” என்றாள் அவளே. “வரும்போது பாஸ்ல வந்துக்கிடுதேன். எடுத்துத் தாங்க.”

தணிகாசலம் தலையாட்டினார்.

“நான் வர்றதுக்குள்ள பெயிண்டரக் கூப்பிட்டு வேற அடிச்சிருங்க,” என்றாள். “லேசா, குளிர்ச்சியா. ஊதா.”

தணிகாசலம் சரி என்று சொல்லிவிட்டு நாலடி நடந்தார். நின்றார். திரும்பி அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

“எந்த ஊதா?” என்று கேட்டார்.